"1875 தூத்துக்குடி அரச வருகைப் பதக்கம்": வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் இந்தப் பதக்கத்துக்கு 480 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து ஏமாந்தேன். சிங்கப்பூரில் இதை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அவருடைய 80வது பிறந்தநாளுக்கு ஊர் ஞாபகமாக ஏதாவது கொடுக்கலாம் என்று தேடியபோது, பழைய பொருள் விற்கும் செயலி ஒன்றில் இது கண்ணில் பட்டது. 1875 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் மகனான வேல்ஸ் இளவரசர் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து தூத்துக்குடியில் இறங்கியது உண்மைதான். அங்கிருந்து ரயிலில் மதுரை, திருச்சி வழியாகச் சென்னைக்குப் போனார். அந்த வரவேற்பில் ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுத்த வெள்ளிப் பதக்கம் இது என்று விற்பவர் எழுதியிருந்தார். அப்பா எத்தனையோ முறை சொன்ன கதை. படித்ததும் மனம் இளகிவிட்டது.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம். ஒரு சின்னக் காந்தத்தைப் பதக்கத்தில் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. "பாருங்கண்ணே, அசல் வெள்ளி. இன்னொருத்தர் 600க்குக் கேட்டுக்கிட்டிருக்காரு" என்றார். நின்ற இடத்திலேயே கைப்பேசியில், பேநவ் சேவை வழியாகப் பணத்தை அனுப்பினேன். பித்தளையிலும் காந்தம் ஒட்டாது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு பக்கம் விக்டோரியா தலை, அதைச் சுற்றி 'எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா' (இந்தியாவின் பேரரசி) என்று ஆங்கிலத்தில். மறுபக்கம் 1875. அந்தப் பட்டத்துக்கான சட்டமே 1876இல்தான் வந்தது. டெல்லியில் பறைசாற்றியது 1877 ஜனவரி 1ஆம் தேதி. அந்தக் கால ரூபாய்க் காசில்கூட 1876 வரை 'குயின்' (அரசி), 1877 முதல்தான் 'எம்ப்ரஸ்'. அப்புறம் 1875 பதக்கத்தில் எப்படி வரும்? தவிர, அந்தப் பயணத்தில் இளவரசர் கொடுத்த அசல் பதக்கம் முட்டை வடிவம், மேலே மூன்று இறகுச் சின்னம் இருக்கும். என்னிடம் இருப்பது வட்டம்.

சிராங்கூன் சாலையில் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் கொண்டுபோனேன். 42 கிராம் இருந்தது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை பார்த்தார். வெள்ளியாக இருந்தால் 4 கிராம் போலக் குறையும், இது 5 கிராம் குறைந்தது. பித்தளைக்கு மேல் முலாம். "ஓரத்தைப் பாருங்க, வார்ப்பு வரி தெரியுது. அச்சடிச்ச பதக்கத்தில இது வராது" என்றார். மகுடத்துக்குக் கீழே ஊசி முனையளவு ஒரு குழியும் இருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று ஒரே வரி. அதன்பின் நான் செய்தி அனுப்ப முடியாதபடி செயலியில் என்னைத் தடுத்துவிட்டார். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுப்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும். ஆனால் யார்மேல் போடுவது? என்னிடம் இருப்பது ஒரு புனைபெயரும் கைப்பேசி எண்ணும்தான். விலாசம் கேட்டு, எழுத்தில் ரசீது வாங்கிய பிறகு பணம் அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு. செயலி நிறுவனத்திடம் புகார் கொடுத்தும் இரண்டு வாரமாகப் பதில் இல்லை.

பிறந்தநாளன்று அப்பாவுக்கு ஒரு வேட்டி மட்டும்தான் கொடுக்க முடிந்தது. பதக்கத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று அதே செயலியில், வேறு பெயரில், 'மதுரை 1875' என்று ஒரு பதக்கம் 520 வெள்ளிக்கு வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகுடத்துக்குக் கீழே, அதே இடத்தில், அதே குழி.