நடவா, புழுதி விதைப்பா, காய்ச்சலும் பாய்ச்சலுமா?

மழை குறைந்துவிட்டது என்பதைவிட, மழை நாள் தவறுகிறது என்பதுதான் நெல் விவசாயிகளின் பெரிய கவலை. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் பழைய அளவே பெய்திருக்கும். ஆனால் ஒரு மாதம் தள்ளித் தொடங்கி, நடுவில் மூன்று வாரம் காய்ந்து, கடைசியில் இரண்டே நாளில் கொட்டியிருக்கும். இந்த நிலையில் நெல்லை எப்படிப் பயிரிடுவது என்று கேட்டால், ஒவ்வொரு முறையிலும் நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒருவரும் வயலில் இறங்க முடியாது. நம் பருவம் தொடக்கத்தில் ஏமாற்றுகிறதா, நடுவிலா, முடிவிலா? முதலில் இதைத் தெரிந்துகொண்டால்தான் முறைகளை ஒப்பிடவே முடியும்.

வழக்கமான நாற்று நடவிலிருந்து தொடங்குவோம். அதன் பெரிய பலம் களை. மூன்று வாரம் வளர்ந்த நாற்று, முளைக்கவே தொடங்காத களையோடு போட்டியிடுகிறது. தேங்கிய நீரும் களை விதைகளை அமுக்கிவிடுகிறது. பலவீனம், அதன் நாள் கணக்கு. நாற்றங்கால் விட்ட பிறகு மழை வராவிட்டால், 25 நாளில் பறிக்க வேண்டிய நாற்று 40, 45 நாள் அங்கேயே நின்று முற்றிவிடும். பிறகு நட்டாலும் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டுச் சரியாகத் தூர் கட்டாது. சேற்றுழவுக்கும் நிறையத் தண்ணீர் வேண்டும். பயிர் வயலுக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடும் தண்ணீர் அது.

இந்த இடத்தில்தான் புழுதி விதைப்பு கைகொடுக்கிறது. காய்ந்த நிலத்தை உழுது, விதையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டால், வருகிற மழையிலேயே முளைத்துக்கொள்ளும். நாற்றங்கால் இல்லை, சேற்றுழவு இல்லை. பிடுங்கி நடும் அதிர்ச்சி பயிருக்கு இல்லாததால் அறுவடையும் ஒரு வாரம், பத்து நாள் முந்தும். கடைசிக் காலத்து வறட்சிக்கு முன்பே கதிர் முற்றிவிட அந்தப் பத்து நாள் போதுமானதாக இருக்கலாம். வேரும் ஆழமாக இறங்கும்.

ஆனால் இதைப் பரிந்துரைப்பவர்கள் பலர் களையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை. நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கும் வயலில் முதல் 40 நாள்தான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. நடவுக்கூலி மிச்சம் என்று எழுதுகிற கணக்கில், குனிந்து களையெடுக்கும் பெண்களின் உழைப்பும் களைக்கொல்லிச் செலவும் பல நேரம் சேர்வதே இல்லை. போதாக்குறைக்குக் களைநெல் வேறு. பார்க்க நெல் போலவே இருந்து, அறுவடைக்கு முன்பே மணியைக் கொட்டி அடுத்த பருவத்துக்கும் விதைத்துவிடும். தொடர்ந்து நேரடி விதைப்பு செய்யும் நிலங்களில் அது பெருகிக்கொண்டே போகும். ஓரளவுக்குக் கைகண்ட வழி ஒன்று உண்டு: முதல் மழையில் களையை முளைக்கவிட்டு, மேலாக ஓர் உழவு ஓட்டி அழித்துவிட்டு, அப்புறம் விதைப்பது. அதற்கு இரண்டு மழை வேண்டும். அந்த இரண்டாவது மழைக்குத்தான் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு ஆபத்து பொய் மழை. ஒரு தூறலில் விதை முளைவிட்டு, அடுத்த இரண்டு வாரம் காய்ந்தால் மொத்தமும் போய்விடும். அதனால் புழுதியில் விதைப்பவர் மறுவிதைப்புக்கு விதை கையிருப்பில் வைத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

ஒற்றை நாற்று நடவு 1980களில் மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறை. 8 முதல் 14 நாள் வயதுள்ள இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். எக்டேருக்கு 5 முதல் 8 கிலோ விதை போதும். தூர் கட்டுவதைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் சமன் செய்த நிலமும், சொன்ன நாளில் வரும் பழகிய ஆட்களும் வேண்டும். மழையே நாள் தவறும்போது, 14 நாளுக்குள் நட்டே தீர வேண்டும் என்ற கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. பாசனம் கையில் இருப்பவர்களுக்கே இது ஏற்றது என்பது என் கருத்து.

பருவத்தின் நடுவில் தண்ணீர் தட்டுப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது எப்போதும் தண்ணீர் கட்டி வைக்காமல் வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவது. பழைய பேச்சுதான், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் குழாயில் ஓட்டைகள் போட்டு வயலில் பதிக்க வேண்டும். உள்ளே தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகும். காற்று மண்ணுக்குள் புகுவதால் மீத்தேனும் கணிசமாகக் குறையும். பிடிக்காவிட்டால் அடுத்த வாரமே பழையபடி தண்ணீர் கட்டலாம், எதுவும் கெட்டுப்போகாது. மற்ற முறைகளுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் முறைவைத்து வாய்க்காலில் தண்ணீர் வாங்குகிறவருக்கு இது சரிப்படாது. தன் முறையை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதபோது அவர் மடையைத் திறக்கத்தான் செய்வார். அதில் தவறில்லை.

முடிவில் வெள்ளம் வரும் தாழ்ந்த நிலத்தில் முறையைவிட ரகம்தான் முக்கியம். 2009இல் இந்தியாவில் வெளியான ஸ்வர்ணா சப்-1 என்ற நெல் ரகம், பயிர் வளரும் காலத்தில் இரண்டு வாரம் வரை முழுதாக மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விதை முளைக்கும்போது தேங்கும் நீரிலிருந்து அந்தக் குணம் காப்பாற்றாது. அதனால் அங்கே புழுதி விதைப்பைவிட நடவே நல்லது.

ஒரே விவசாயியிடம் மேடும் பள்ளமும் இருந்தால், மேட்டில் புழுதி விதைப்பு, பள்ளத்தில் நடவு என்று பிரித்துக்கொள்ளலாம். மழை எந்தப் பக்கம் ஏமாற்றினாலும் ஒரு பாதியாவது வீடு வந்து சேரும். காய்ச்சலும் பாய்ச்சலுக்காக நீர்மட்டம் பார்க்கும் குழாய் பதிக்க நினைப்பவர்கள் வயலின் மிக மேடான இடத்தையும் மிகப் பள்ளமான இடத்தையும் தவிர்த்து, நடுமட்டமான இடத்தில், வரப்பிலிருந்தே எட்டிப் பார்க்க முடிகிற தூரத்தில் பதியுங்கள்.