கதைமாந்தர் ஒப்பீட்டு அட்டைகள்: வட்டம் நன்று, கேள்விதான் போதாது

நாலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் கதைமாந்தர்களை ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுவதற்கென்று விற்கும் அட்டைத் தொகுப்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கி, என் மாலை டியூஷனில் வைத்திருக்கிறேன். லேமினேட் செய்த பெரிய அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்த இரண்டு வட்டங்கள், கதாபாத்திர ஜோடிகள் அச்சிட்ட சின்ன அட்டைகள், ஒரு விடைப் புத்தகம். விற்பவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை.

வட்டங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஜான் வென் 1880இல் தர்க்கத்துக்காக எழுதிய கட்டுரையில் வந்த படம்தான் இது, ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கணங்களுக்கும் வரும். இடப்பக்கம் ஒருவருக்கு மட்டும் உரியது, வலப்பக்கம் மற்றவருக்கு மட்டும் உரியது, நடுவில் இருவருக்கும் பொது. ‘ஒற்றுமை வேற்றுமை எழுதுக’ என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகூட வட்டத்தைக் கண்டால் எதையாவது எழுதத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நடுப்பகுதியை இவ்வளவு ஒடுக்கமாக வரைந்திருக்க வேண்டாம், இரண்டு வரிக்கு மேல் அதில் எழுத முடியவில்லை. யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதெல்லாம் அங்கேதானே இருக்கிறது!

பெரிய குறை வேறு. அட்டையின் கீழே அச்சிட்டிருக்கும் கேள்விகள் எல்லாம் உருவம், உடை, குணம் என்றே போகின்றன. அதனால் பிள்ளைகள் ‘குண்டாக இருப்பான்’ என்று ஒரு பக்கமும் ‘நல்லவன்’ என்று மறுபக்கமும் எழுதிவிட்டு முடிந்தது என்கிறார்கள். இது ஒப்பீடே இல்லை, இரண்டு தனித்தனிப் பட்டியல். ஒருவரிடம் உருவத்தையும் மற்றவரிடம் குணத்தையும் பார்த்தால் எதை எதோடு ஒப்பிடுவது? இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும், அதைத்தான் இந்தத் தொகுப்பு எங்குமே சொல்லித்தரவில்லை.

கும்பகருணனையும் வீடணனையும் நானே ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். முதலில் வந்தது ‘தூங்குவான்’, ‘ராமனிடம் போனான்’, அவ்வளவுதான். அப்புறம் அச்சிட்ட கேள்விகளைத் தாளால் மறைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: அண்ணன் செய்வது தப்பு என்று தெரிந்த பிறகு இவர்கள் என்ன செய்தார்கள்? சீதையை விட்டுவிடு என்று இருவருமே ராவணனிடம் சொன்னார்கள் என்பது அப்போதுதான் நடுவில் ஏறியது. ஒரே வீடு, ஒரே அண்ணன், தப்பு எது என்பதிலும் ஒரே முடிவு, ஆனால் ஒருவன் கிளம்பிவிட்டான், மற்றவன் தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் போனான். கம்பனில் வீடணன் போர்க்களத்துக்கே வந்து, எங்கள் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான், கும்பகருணனோ இத்தனை காலம் வளர்த்து ஆளாக்கியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். இந்த இடத்தைச் சொன்னதும் வகுப்பு இரண்டாகப் பிரிந்து, யார் செய்தது சரி என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்ததும் இதுதான்.

பாரி, பேகன் ஜோடியும் அப்படித்தான். முல்லைக்குத் தேர், மயிலுக்குப் போர்வை, இருவரும் வள்ளல்கள் என்பதோடு விட்டால் வேற்றுமைப் பக்கம் காலியாகவே இருக்கும். மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை) பிரிந்து வாழ்ந்த பேகனிடம், அவளுக்கு இரங்கு என்று புலவர்கள் கேட்ட பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. அதைச் சொன்னால் பெரிய பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசிக்கிறார்கள்.

அதனால் வாங்கலாமா என்றால், நாலு, ஐந்தாம் வகுப்புக்குத் தொடங்கி வைக்க வாங்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து இது தேவையில்லை, நோட்டில் மூன்று கட்டம் போட்டு நடுக்கட்டத்தில் கேள்வியையும் இரு பக்கமும் இருவரின் பதிலையும் எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு பதிலுக்கும் கதையில் அது எந்தச் சம்பவத்தில் வருகிறது என்றும் கேளுங்கள். அட்டையில் ஒயிட்போர்டு மார்க்கரால் மட்டும் எழுதுங்கள், அன்றே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கறை நின்றுவிடும். விடைப் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே ஒரு விடைதான் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்த பிள்ளை அப்புறம் வாயே திறப்பதில்லை.