எஸ்க்யூஎல் புதுசா கத்துக்கறவங்களுக்கு எஸ்க்யூஎல்போல்ட் எப்படி இருக்கு?

நான் காமர்ஸ் படிச்சவ, எக்செல் நல்லா வரும், ஆனா டேட்டா டீமுக்கு மாறணும்னா எஸ்க்யூஎல், அதாவது டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்கற மொழி, தெரியணும்னு சொல்லிட்டாங்க. முதல்ல காசு கட்டி ஒரு கிளாஸ்ல சேந்தேன், ரெண்டு வாரமும் இன்ஸ்டால் பண்றது, டேபிளை எப்படிப் பிரிக்கணும்ங்கிற நார்மலைசேஷன் தியரின்னே ஓடிப்போச்சு, ஒரு குவெரி (டேட்டாவைக் கேக்கற கட்டளை) கூட நான் டைப் பண்ணல. மனசே விட்டுப்போச்சு. அப்பதான் ஃப்ரெண்ட் ஒருத்தி எஸ்க்யூஎல்போல்ட்ங்கிற வெப்சைட்டோட லிங்க் அனுப்பினா.

ஃப்ரீதாங்க, எதையும் இன்ஸ்டால் பண்ண வேணாம், பிரவுசர்லயே எல்லாம், மொத்தம் 18 பாடம். முதல் பாடத்துலயே பிக்ஸார் படங்களோட டேபிள் கண்ணு முன்னாடி இருக்கும், கீழ இருக்கிற பெட்டில செலக்ட் டைட்டில் ஃப்ரம் மூவிஸ்னு அடிச்சா உடனே மேல பேரு மட்டும் வந்து நிக்கும், சரியா இருந்தா டாஸ்க்ல டிக் விழும். அந்த முதல் டிக் விழுந்தப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு!

6வது பாடம் ஜாயின். படம் ஒரு டேபிள்ல, வசூல் இன்னொரு டேபிள்ல, ரெண்டையும் ஐடி வச்சு சேக்கணும். அட, இது நம்ம எக்செல் வீலுக்கப் மாதிரிதானேன்னு அங்கதான் பிடிபட்டுச்சு. அப்புறம் நல், டேபிள்ல மதிப்பு எதுவும் போடாத இடம். பில்டிங் ஒதுக்காத ஆளுங்க யாருன்னு ஒரு கேள்வி, நான் ஈக்வல் டு நல்னு போட்டேன், ஒரு வரி கூட வரல, எர்ரரும் காட்டல. இஸ் நல்னு மாத்தினதும் வந்துடுச்சு. நல்ங்கிறது மதிப்பே தெரியாத இடம், அதனால அதை எதோடயும் சமம்னு பாக்க முடியாது. 12வது பாடத்தை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க, டேபிளை எடுக்கற ஃப்ரம், வரியை வடிகட்டற வேர், குழுவா பிரிக்கற குரூப் பை, குழுவை வடிகட்டற ஹேவிங், அப்புறம்தான் வேண்டியதைக் காட்டற செலக்ட்னு குவெரி எந்த வரிசைல ஓடுதுன்னு சொல்லுது, வேர்ல ஏன் கூட்டிப் பாக்கற சம் போட முடியலன்னு எனக்கு இருந்த குழப்பம் அங்கதான் தீந்துச்சு.

குறைன்னா குரூப் பைக்கு பயிற்சி ரொம்ப கம்மி, சப்குவெரியை (குவெரிக்குள்ள இன்னொரு குவெரி) லேசா தொட்டுட்டு விட்டுடறாங்க, விளக்கமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. அதனால இதை முடிச்சுட்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எக்ஸர்சைசஸ்ங்கிற பயிற்சி வெப்சைட்டுக்குப் போங்க, ஒரு கிளப்போட மெம்பர், புக்கிங், வசதிகள்னு மூணே டேபிள், ஆனா கேள்வி போகப்போக நல்லா கஷ்டமாகும். நடுவுல அலுத்துச்சுன்னா எஸ்க்யூஎல் மர்டர் மிஸ்டரின்னு ஒரு விளையாட்டு இருக்கு, அதுல 2018 ஜனவரி 15 நடந்த கொலையை குவெரி போட்டே கண்டுபிடிக்கணும், தேதியை 20180115னு அடிங்க, இல்லன்னா கொலை பத்தின ரிப்போர்ட் வராது.