புகையா, வேப்பா, மிட்டாயா: கஞ்சாவில் எது குறைந்த கேடு?

“புகைத்தால்தானே நுரையீரல் கெடும்? நான் மிட்டாயாகத் தின்றுவிட்டுப் போகிறேன்.” கஞ்சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இதைச் சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த அலசல்.

புகையில் தொடங்கலாம். இலை எதுவானாலும் எரித்தால் தார் வரும், கார்பன் மோனாக்சைடு வரும், பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகளும் வரும். கஞ்சா மூலிகைதானே என்று நுரையீரல் சலுகை காட்டாது. போதாக்குறைக்கு, இதைப் புகைப்பவர்கள் சிகரெட்டை விட ஆழமாக இழுத்து, மூச்சை அடக்கி வைக்கிறார்கள். தார் படிய அதுவே நல்ல வழி. தினமும் புகைப்பவருக்கு இருமல், சளி, மூச்சுக்குழாய் அழற்சி எல்லாம் வரும். நிறுத்தினால் பெரும்பாலும் குறைந்துவிடும். நுரையீரல் புற்றுநோய் விஷயம் வேறு மாதிரி. அமெரிக்க நுரையீரல் மருத்துவர் டொனால்ட் டாஷ்கினின் குழு, கஞ்சாப் புகைக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்த்தே தேடியது. 2006இல் வெளியான அந்த ஆய்வில் தொடர்பு தென்படவில்லை. அதற்காக நிம்மதி அடைந்துவிட முடியாது. புகையிலையைக் கலந்து சுருட்டுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்குப் புகையிலையின் கணக்கும் சேர்ந்தே வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் புகைக்கு மதிப்பெண் தரலாம். சில நிமிடங்களில் போதை ஏறிவிடுவதால், போதும் என்பது இழுப்பவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்து வேப். இந்தப் பெயரில் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உலர்ந்த இலையை எரியவிடாமல் சூடாக்கி ஆவியை மட்டும் இழுக்கும் கருவி ஒன்று. இதில் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்மையிலேயே குறைவு. இன்னொன்று, எண்ணெய் நிரப்பிய கார்ட்ரிட்ஜ். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்கள் திடீர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் மரணம். கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கெட்டித்தன்மைக்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முதன்மைக் காரணம் என்று தெரிந்தது. தோலில் பூசும் க்ரீமில் இருந்தால் ஒன்றும் செய்யாத பொருள், நுரையீரலுக்குள் போனபோது உயிரை எடுத்தது.

சுத்தமான ஆவிக்கும் ஒரு குணம் உண்டு. எப்போதாவது பயன்படுத்துபவர்களை வைத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் சோதித்தார்கள். கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சி, அதே அளவிலேயே, புகையை விட ஆவியில் பலமாக வேலை செய்தது.

சரி, மிட்டாய். நுரையீரலுக்கு இதனால் தொல்லையே இல்லை, அதில் அந்த நண்பர் ஜெயித்துவிட்டார். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. வயிறு வழியாகப் போகும் டிஎச்சி, போதை தர அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். வழியில் கல்லீரல் அதன் ஒரு பகுதியை இன்னும் வீரியமான வேறொரு வேதிப்பொருளாக மாற்றி அனுப்பும். “ஒன்றுமே ஏறலையே” என்று இரண்டாவது துண்டை வாயில் போட்டவருக்கு, அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். படபடப்பு, பீதி, சிலருக்கு மாயத்தோற்றம். இறங்க ஆறு, எட்டு மணி நேரம் ஆகலாம். குழந்தைகள் கதை இன்னும் கொடுமை. ஆறு வயதுக்குட்பட்டவர்கள் கஞ்சாத் தின்பண்டத்தைத் தெரியாமல் தின்றதாக அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்கு 2017இல் வந்த தகவல்கள் 207, 2021இல் 3,054.

இதுவரை பேசியது உள்ளே போகும் வழியைப் பற்றி. நெடுநாள் கேட்டில் பெரும்பகுதி மூளையில்தான் நடக்கிறது, மூளைக்கு வழி பெரிய விஷயமில்லை. எந்த வயதில் தொடங்கினீர்கள், எத்தனை நாளுக்கொரு முறை, டிஎச்சி எவ்வளவு என்பவைதான் கணக்கு. ஸ்வீடனில் சுமார் 45,000 ராணுவச் சேர்க்கையாளர்களைப் பின்தொடர்ந்து 1987இல் வெளியிட்ட ஆய்வில், 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகம். 2019இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், 10 சதவீதத்துக்கு மேல் டிஎச்சி உள்ள சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பறுந்துபோகும் மனநிலை) வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த நோய்கள் மொத்தத்தில் சிலருக்கே வருபவை என்பதால் மடங்குக் கணக்கைப் பார்த்து எல்லோரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனால் குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், எனக்கு இந்த மூன்றில் எதையும் சிபாரிசு செய்ய மனம் வராது.

அறிவுத்திறன் குறையும் என்ற வாதத்தை நான் அவ்வளவு உறுதியாகப் பிடிக்கமாட்டேன். பதின்வயதில் தொடங்கி விடாமல் தொடர்ந்தவர்களுக்கு ஐ.க்யூ. 8 புள்ளி வரை சரிந்ததாக நியூசிலாந்து ஆய்வு 2012இல் சொன்னது. பின்னர் இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளோ, குடும்பச் சூழலின் பங்கே அதில் பெரிது என்றன.

வழியை மாற்றினாலும் மாறாத இன்னொன்று, வாந்தி. வருடக்கணக்கில் அடிக்கடி எடுப்பவர்களில் சிலருக்கு நிற்காத குமட்டலும் வயிற்று வலியும் வரும். 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். சுடுதண்ணீரில் குளித்தால் கொஞ்ச நேரம் அடங்கும், அதனால் இவர்கள் ஒரே நாளில் பலமுறை குளியலறைக்குள் போகிறார்கள். குமட்டலுக்குக் கஞ்சா நல்லது என்று கேள்விப்பட்டிருப்பதால், அதை அடக்க இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.