கருமருந்து வைக்க மாட்டுக் கொம்பா, சுரைக்குடுக்கையா?

18ஆம் நூற்றாண்டு அமெரிக்க எல்லைப்புறத்தில் துப்பாக்கிக்கான கருமருந்தைப் பெரும்பாலும் மாட்டுக் கொம்பில் எடுத்துப் போனார்கள், சுரைக்குடுக்கையும் உண்டு.

செய்ய எளிது குடுக்கைதான். காயவிட்டு, காம்புப் பக்கம் அறுத்து, விதையைக் குலுக்கிக் கொட்டி, மரத்தக்கை செருகினால் முடிந்தது. காயத்தான் மாதக்கணக்கில் ஆகும். பாறையில் ஒருமுறை விழுந்தால் விரிசல் விட்டுவிடும்.

எனக்கென்னவோ கொம்புதான் பிடிக்கும், என்னதான் வேலை வாங்கினாலும். உள்ளிருக்கும் எலும்பைக் கழற்ற வேகவைக்க வேண்டும். அந்த நாற்றம் இருக்கிறதே! அடுப்பை வெளியே வையுங்கள். கெட்டியான நுனியை அறுத்துத் துளையிட வேண்டும். அகன்ற பக்கம் சரியான வட்டமாக இருக்காது. கொதிநீரில் முக்கினால் கொம்பு இளகும், அந்தச் சூட்டிலேயே கூம்பாகச் செதுக்கிய கட்டையை உள்ளே அழுத்தினால் வட்டம் வந்துவிடும். அப்புறம் மர அடைப்பை ஆணியடித்து, இடுக்கில் தேன்மெழுகு பூசினால் ஈரம் எளிதில் புகாது.

வெளிர்நிறக் கொம்பை மெலிதாகச் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்தால், மருந்து எவ்வளவு மிச்சம் என்று நிழலாகத் தெரியும். குடுக்கையைக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும்.