ரெஸ்டிக்கா, போர்க்கா?

லேப்டாப்பில் உள்ளதை வெளியே ஓரிடத்தில் பேக்கப் எடுத்து வைக்க ரெஸ்டிக், போர்க் என்று இரண்டு மென்பொருள்கள் உண்டு. எதை எடுப்பது? 200 ஜிபி படங்களை 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் ஏற்றினால் சுமார் 44 மணி நேரம் பிடிக்கும். ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். டூப்ளிசிட்டி என்ற இன்னொரு பேக்கப் மென்பொருளை நான் ஓரங்கட்டியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அது முதலில் முழு நகல் எடுக்கும். அப்புறம் மாறியதை மட்டும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும். நடுவில் ஒரு கண்ணி கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதை நம்ப முடியாது. அதனால் அவ்வப்போது முழு நகல், மறுபடி 44 மணி நேரம்.

ரெஸ்டிக்கிலும் போர்க்கிலும் சங்கிலி கிடையாது. ஃபைலைத் துண்டுகளாக வெட்டி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, மறுமுனையில் ஏற்கெனவே இருக்கும் துண்டை அனுப்பாமல் விட்டுவிடுகின்றன. எங்கே வெட்டுவது என்பதை உள்ளடக்கமே தீர்மானிக்கிறது. எனவே பெரிய ஃபைலின் நடுவில் நாலு வரி நுழைத்தாலும் பக்கத்துத் துண்டுகள் தவிர மற்றவை அப்படியே பொருந்தும். பழைய பேக்கப்பை அழித்தாலும் புதியதற்குச் சேதமில்லை.

சரி, இரண்டில் எது? ஃபைல்கள் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழையக்கூடிய சர்வர் இருந்து, அதில் போர்க்கையும் நிறுவ முடியும் என்றால் போர்க்தான். சர்வரில் 'சேர்க்க மட்டும்' என்று கட்டுப்பாடு வைக்கலாம். லேப்டாப்பில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல்) புகுந்து பேக்கப்பை அழிக்கப் பார்த்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியிருக்கும். ஆனால் விண்டோஸில் போர்க் நேரடியாக ஓடாது. பேக்கப் சேரும் கிடங்கான களஞ்சியம் ஒன்றில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதவும் முடியாது.

எஸ்3, பேக்பிளேஸ் பி2 போன்ற வாடகைச் சேமிப்பகம் என்றால் ரெஸ்டிக். நிறுவ ஒரே ஒரு ஃபைலை இறக்கினால் போதும், விண்டோஸிலும் ஓடும். பல கணினிகள் ஒரே களஞ்சியத்தைப் பகிரலாம். தரவைச் சுருக்கும் வசதி 2022இல் வந்த 0.14 பதிப்பில்தான் சேர்ந்தது; அதற்கு முந்தைய களஞ்சியம் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் புது வடிவத்துக்கு மாற்ற வேண்டும். களஞ்சியம் பெருத்தால் நினைவகத்தையும் நன்றாகவே தின்னும்.

போர்க்கில் ஒரு பொறி உண்டு. சாவியைக் களஞ்சியத்திலேயே வைக்கும் முறையை விட்டு, 'கீஃபைல்' முறையை எடுத்தால் சாவி லேப்டாப்பில் மட்டுமே இருக்கும். டிஸ்க் போனால் சாவியும் போச்சு, பேக்கப் இருந்தும் திறக்க முடியாது. சாவியைத் தாளில் அச்சிட்டுக்கொள்ள போர்க்கிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. என் தாள் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.