எடை குறைக்கும் ஊசி: பெட்டியைக் காட்டாத இடத்தில் கையை நீட்டாதீர்கள்

கோவையில் ஓர் எடைக் குறைப்பு மையத்தில் நான் மவுன்ஜாரோ என்ற எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டேன். அதாவது, மவுன்ஜாரோ என்று அவர்கள் சொன்ன மருந்தை. உள்ளே உண்மையில் என்ன இருந்தது என்பது இன்றுவரை எனக்கும் தெரியாது, பிறகு எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் தெரியாது.

மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மவுன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைட், ஒசெம்பிக் ஊசியில் இருக்கும் செமாக்ளூடைட் இரண்டுமே சோதனைகளில் தேறி அனுமதி பெற்றவை. டாக்டர் சீட்டோடு வாங்கி, அவர் கண்காணிப்பில் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பவர்கள் என் சொந்தத்திலேயே உண்டு. கோபமெல்லாம் அதைப் பேக்கேஜ் போட்டு விற்கிறவர்கள் மேல்தான்.

முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். உயரம், எடை பார்த்தது ஓர் ஆலோசகர். டாக்டர் யாரும் கண்ணில் படவே இல்லை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நானேதான் சொன்னேன். "ஒண்ணும் ஆகாதுங்க மேடம், அது பாட்டுக்கு அது இருக்கட்டும்" என்றார். இந்த ஊசியும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று மருந்துக் குறிப்பிலேயே அச்சடித்திருக்கிறது.

ஊசி போடும் நாளில் உள்ளறையிலிருந்து ஒரு பெண் எவர்சில்வர் ட்ரேயோடு வருவார். ட்ரேயில் ஆரஞ்சு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்ச், ஏற்கெனவே மருந்து ஏற்றியபடி. மேலே ஒரு ஸ்டிக்கர்கூட இருக்காது. பெட்டியைக் காட்டுங்கள் என்று கேட்டால், "ஃப்ரிட்ஜை விட்டு வெளிய எடுத்தா கெட்டுப் போயிடுங்க அக்கா" என்பார். இது சுத்தப் பொய். மவுன்ஜாரோ குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் 21 நாள் வரை வெளியே இருந்தாலும் அது கெடாது. பெட்டியை ஒரு நிமிடம் காட்டினால் என்ன ஆகிவிடும்?

சிரிஞ்சைப் பார்த்து அளவைக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 2.5 மில்லிகிராம் குப்பியிலும் அரை மில்லிதான், 5 மில்லிகிராம் குப்பியிலும் அதே அரை மில்லிதான். வாரம் ஒரு ஊசி என்று முதல் 4 வாரம் 2.5, பிறகு 5. அதற்கு மேல் ஏற்றுவதானால் குறைந்தது 4 வாரம் விட்டு, ஒவ்வொரு முறையும் 2.5 மில்லிகிராம் மட்டும்தான் கூட்ட வேண்டும். எனக்கு 2.5-லிருந்து நேராக 7.5-க்குத் தாவியிருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு அந்தப் பெண் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்று இரவு ஆரம்பித்த வாந்தி நிற்கவில்லை. தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. மையத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "சூப்பர் மேடம், மருந்து நல்லா வேலை செய்யுது, எலுமிச்சை ஜூஸ் குடிங்க" என்று பதில், கூடவே கைதட்டும் படம். சாப்பாடு இறங்காத வயிற்றில் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து, விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது, கண் இருட்டியது. வீட்டு மீட்டரில் சர்க்கரை 52. என் கணவர் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது.

டியூட்டி டாக்டர் கேட்டது மூன்றுதான்: என்ன மருந்து, என்ன அளவு, பேட்ச் நம்பர் என்ன? காட்டுவதற்கு எங்கள் கையில் ஒன்றும் இல்லை. மையம் கொடுத்த பில்லில் 'வெல்னஸ் பேக்கேஜ்' என்று மட்டும் இருந்தது, மருந்தின் பெயரே இல்லை. போலி மருந்தாக இருக்குமோ என்று அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது. 2023-இல் ஆஸ்திரியாவில் போலி ஒசெம்பிக் போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை தாழ்ந்து, வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதில் இன்சுலின் இருந்திருக்கலாம் என்று அந்நாட்டு அதிகாரிகளே எச்சரித்தார்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் போலி செமாக்ளூடைட் பற்றி எச்சரிக்கை விட்டது.

மீதிப் பணத்தைக் கேட்டால், கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டுகிறார்கள். அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

ஆகவே, இந்த ஊசி போட்டுக்கொள்கிற யாராக இருந்தாலும், டாக்டர் சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். மருந்துக்கடையில் பேட்ச் நம்பரோடு பில் வாங்குங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பேனா வடிவில் வரும் ஊசி என்றால் ஒரு பேனா ஒருவருக்கு மட்டும்தான். ஊசி முனையை மாற்றினாலும் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி தொற்றும் ஆபத்து இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லேசான குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கும் வரும். ஆனால் மேல்வயிற்றில் விடாத வலி வந்து முதுகுப் பக்கம் பரவினால் கணையம் வீங்கியிருக்கலாம், பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம். அப்போது மையத்தின் வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. இதேபோல் மாட்டிக்கொண்டவர்கள் பில்லையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது.